நுனியில் அறுபது கிராம்

"பாரம் இருந்தால் ஆடாது." துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கால் வைத்த முதல் வாரமே காதில் விழுந்த வாக்கியம் இது. முதலில் சொன்னது யார் என்று கேட்டால் தெரியாது, ஏனென்றால் எல்லோரும் சொன்னார்கள். பத்து வருஷமாகச் சுடுகிறவர் சொன்னார், போன மாதம் சேர்ந்தவரும் அதே குரலில் சொன்னார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. காற்றடித்தால் காகிதம் பறக்கும், கல் பறக்குமா? அந்த நம்பிக்கையில் என் ஏர் பிஸ்டலின் பேரலுக்குக் கீழே இருக்கும் தண்டில், முனைப்பக்கமாகத் தள்ளி, தலா 20 கிராமில் மூன்று வெயிட்களை மாட்டித் திருகினேன். அன்று இரவு வீட்டில் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைப் போடாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பயிற்சி செய்தேன். குறிபார்க்கும் முன் சைட், பின் சைட்டின் வெட்டுக்குள் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இத்தனை நாள் இந்த மூன்று துண்டு உலோகம் இல்லாமல் எப்படிச் சுட்டேன் என்றே தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு போட்டி. 60 ஷாட், 75 நிமிடம். முதல் பத்தில் 95, இரண்டாவது பத்தில் 96. என் தரத்துக்கு அது நல்ல நாள். நாலாவது சீரிஸில் 92 வந்தபோது கவலைப்படவில்லை, ஒரு சீரிஸ் இறங்குவது வழக்கம்தான். கடைசிப் பத்தில் 88. ஸ்கோரைவிட அந்தப் பத்து ஷாட்டும் திரையில் விழுந்திருந்த விதம்தான் என்னை உறுத்தியது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று சிதறியிருந்தால் 'நடுக்கம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஏறக்குறைய எல்லாம் ஆறு மணிப் பக்கம், அதாவது கடிகாரத்தில் ஆறு இருக்கும் இடம், நடுவுக்கு நேர் கீழே. ஒன்றன்கீழ் ஒன்றாக, குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஷாட்கள் போகும்போது என் கண்ணுக்குச் சைட் நன்றாகவே நின்றது. கை ஆடவில்லை. பாரம் இருந்தால் ஆடாது என்றது பொய்யாகவில்லை. அப்புறம் எப்படிக் குண்டு கீழே போனது?

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பல மாதம் ஆனது. வழியில் நிறைய மாற்றிப் பார்த்தேன், நிறையப் பேரிடம் தப்பாக வாதாடினேன்.

கணக்குப் போட்ட இரவு

முதலில் செய்தது பள்ளிக்கூடக் கணக்கு. மணிக்கட்டைத் தராசின் நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டேன். என் பிஸ்டல் ஏறக்குறைய 1000 கிராம். அதன் எடைமையம் மணிக்கட்டிலிருந்து சுமார் 12 செ.மீ. முன்னால் இருக்கிறது. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் 12,000. இது வெறும் பிஸ்டலைத் தாங்க மணிக்கட்டு செய்யும் வேலையின் அளவு. இப்போது 60 கிராமை 30 செ.மீ. தள்ளி முனையில் மாட்டினால் கூடுவது 1,800. அதாவது தராசில் வைத்தால் பிஸ்டல் 6 சதவீதம்தான் கனம் கூடியிருக்கிறது, ஆனால் மணிக்கட்டின் வேலை 15 சதவீதம் கூடிவிட்டது. அதே 60 கிராமை டிரிகர் வளையத்துக்குப் பக்கத்தில், மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் மாட்டினால் கூடுவது 600 மட்டும். 5 சதவீதம். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் இதற்கு முன்பாரம், பின்பாரம் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். வண்டியின் மொத்தப் பாரம் மாறாது, மூட்டை இருக்கும் இடம் மாறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். என் விஷயத்தில் மாடு என் மணிக்கட்டு.

அப்படியானால் முனையில் மாட்டுவது முட்டாள்தனம் என்று முடிவுகட்டிவிடலாமா? அங்கேதான் கணக்கு இரண்டாவது முகத்தைக் காட்டுகிறது. பிஸ்டல் முனை மேலேயோ பக்கவாட்டிலோ திரும்புவதை எதிர்க்கும் சக்தி தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. தூரம் மூன்று மடங்கானால் எதிர்ப்பு ஒன்பது மடங்கு. 10 செ.மீ.யில் இருக்கும் 60 கிராமைவிட, 30 செ.மீ.யில் இருக்கும் அதே 60 கிராம் முனை திரும்புவதை ஒன்பது மடங்கு எதிர்க்கிறது. பிஸ்டல் சுடுதலில் நமக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் நம்மைக் கொல்வது கை நகர்வதல்ல, முனை திரும்புவது. 10 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ., வளையத்தைத் தொட்டாலே பத்துதான். சைட் இரண்டும் சரியாக ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்க, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். அப்படி எட்டு மில்லிமீட்டர் வரை இறங்கினாலும் பத்து போகாது. ஆனால் முன் சைட் மட்டும் பின் சைட்டின் வெட்டுக்குள் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால்? என் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் இடையே 32 செ.மீ. பத்து மீட்டருக்கு அது 31 மி.மீ. ஆகிவிடுகிறது. பத்திலிருந்து நேராக ஏழு. ஒரு நூல் அளவு திருப்பம், மூன்று புள்ளி நஷ்டம்.

ஆக, முனையில் பாரம் கேட்பவன் கேட்பது தப்பில்லை. கையின் இயல்பான நடுக்கம் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை வரை துடிக்கிறது. நல்ல உடல்நிலையில் இருக்கும் எல்லோருக்கும் இது உண்டு, பயிற்சியால் ஒழிக்க முடியாது. இந்தச் சின்ன, வேகமான துடிப்பை முன்பாரம் விழுங்கிவிடும். சுவரைப் பார்த்து நான் மயங்கியது இதைக் கண்டுதான். ஆனால் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. மெதுவானது. தசை களைக்கக் களைக்கத் தோளிலும் மணிக்கட்டிலும் இறங்குவது. அதற்கு முன்பாரம் மருந்தல்ல, தீனி. 70 கிலோ எடையுள்ள ஆளின் ஒரு கை மட்டும் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. போட்டிக்கு முந்தைய பழகு ஷாட், தூக்கிவிட்டுச் சரியில்லை என்று இறக்கிய தடவைகள் எல்லாம் சேர்த்தால் அந்தக் கையைப் பிஸ்டலோடு நூறு தடவைக்கு மேல் தூக்குகிறோம். சுவரைப் பார்த்து நான் தூக்கியது பதினைந்து தடவை.

இந்த இடத்தில் எனக்கு வந்த சந்தேகத்துக்கு விதிப்புத்தகமே பாதி பதில் வைத்திருந்தது. சர்வதேசப் போட்டியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 1500 கிராம் வரை இருக்கலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும், மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கொடுக்கக் கூடாது. பாரம் இருந்தால் ஆடாது என்பது முழு உண்மையாக இருந்தால் எல்லோரும் 1499 கிராமோடு அல்லவா வந்து நிற்க வேண்டும்? கடைகளில் விற்கும் நல்ல ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கின்றன. அரைக் கிலோ சலுகையைக் கையில் கொடுத்தும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. 2016 ரியோவோடு ஒலிம்பிக்கை விட்டுப் போன 50 மீட்டர் பிஸ்டலில் எடைக்கு வரம்பே கிடையாது. கை முழுவதையும் கையுறை மாதிரி மூடும் கிரிப், முன்னால் நீட்டிய தண்டில் வெயிட் என்று விதவிதமாகச் செய்தார்கள். அவையும் பெரும்பாலும் ஒன்றுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் நடுவில்தான் நின்றன. எழுதாத வரம்பு ஒன்றைத் தோள் வைத்திருக்கிறது போலிருக்கிறது. 2018இல் பெண்களுக்கான ஏர் பிஸ்டல் 40 ஷாட்டிலிருந்து 60 ஆனபோது இந்த எழுதாத வரம்பை அவர்களில் பலர் புதிதாகத் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாற்பதாவது ஷாட்டில் முடிந்துபோகிற போட்டியில் என் கடைசிச் சொட்டுகள் விழுந்தே இருக்காது.

பக்கத்து லேன்காரன் சொன்னது

என் பக்கத்து லேனில் பயிற்சி செய்யும் நண்பன் 25 மீட்டர் ரேபிட் ஃபயர்காரன். ஏர் பிஸ்டலை எடுப்பது கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக மட்டும். அவனுக்கு என் முன்பாரம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "மூக்குல கனம் இருந்தா முதல் ஷாட்டுக்கு நண்பன், மீதி நாலுக்கும் எதிரி" என்பான்.

அவன் உலகத்தில் அது சரி. பக்கத்துப் பக்கத்தில் ஐந்து டார்கெட், நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 75 செ.மீ. கை 45 டிகிரியில் தாழ்ந்திருக்க வேண்டும். பச்சை விளக்கு வந்ததும் தூக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக ஐந்து ஷாட். முதலில் 8 நொடிக்குள், அப்புறம் 6, கடைசியில் 4. அந்த 4 நொடியில் கை எழும் நேரத்தைக் கழித்தால் ஒரு டார்கெட்டிலிருந்து அடுத்ததற்குப் போய், நின்று, சுட, அரை நொடிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தால் அதிகம். முனை கனமாக இருந்தால் கிளம்பவும் சோம்பல், நிற்கவும் சோம்பல். அடுத்த டார்கெட்டின் நடுவைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். அதே சமயம் இவர்கள் சுடுவது பாயிண்ட் டூ டூ தோட்டா. பேரல் கைக்கு மேலே இருப்பதால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முனை துள்ளும், அந்தத் துள்ளலை அடக்க முன்னால் கொஞ்சம் கனமும் வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் இவர்களின் வாழ்நாள் தகராறு. விதி 1400 கிராம் வரை விடுகிறது, டிரிகர் இழுப்பு குறைந்தது 1000 கிராம் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் இழுப்புப் போதும்.

இரண்டு கையாலும் பிடித்து ஓடி ஓடிச் சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிக்காரர்களிடம் போனால் கதை மறுபடியும் மாறும். அங்கே 1330 கிராம் இரும்பு சிஇசட் ஷேடோ 2 ஒரு பக்கம், மேகசின் இல்லாமல் 630 கிராம் சுமாருக்கு வரும் பிளாஸ்டிக் உடம்பு க்ளாக் 17 இன்னொரு பக்கம். ஒன்று இன்னொன்றைப் போல இருமடங்கு, இரண்டையும் வைத்துக்கொண்டு நன்றாகச் சுடுகிறவர்கள் உண்டு. ஒரு 9 மி.மீ. தோட்டா சுமார் 12 கிராம். பதினைந்து தோட்டா கிரிப்புக்குள் இருந்தால் 180 கிராம். சுடச்சுட அந்தப் பின்பாரம் கரைந்து, அதே துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு கனத்துப்போகிறது. நான் 20 கிராமுக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அவர்கள் ஒவ்வொரு மேகசினிலும் இந்த 180 கிராம் பயணத்தைப் போய்வருகிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நண்பனோடு வாதம் முற்றி, ஒருநாள் சவாலாகிவிட்டது. "கண்ணைக் கட்டிக்கிட்டு எது நல்லாருக்குன்னு சொல்லு பார்ப்போம்" என்றான். கண்ணைக் கட்டிக்கொண்டு சுட முடியாது. ஆகவே பிஸ்டலின் கண்ணைக் கட்டினோம். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி, பேரலையும் தண்டையும் மூடும் உறையாக ஒட்டினான். ஒவ்வொரு பத்து ஷாட்டுக்கும் முன்னால் நான் லேனை விட்டுப் பின்னால் போய்த் திரும்பி நிற்க வேண்டும். அவன் உறையைக் கழற்றி, ஆலன் கீயை எடுத்து வெயிட்டை மாட்டியோ கழற்றியோ நகர்த்தியோ உறையைத் திரும்பப் போட்டு, முனை டார்கெட்டைப் பார்க்கும்படி மேஜையில் வைத்துவிட்டு 'ம்' என்பான். என்ன செய்தான் என்று அவன் நோட்டில் எழுதுவான். எப்படி இருந்தது என்று நான் என் நோட்டில் எழுதுவேன். ஆறு செட், 60 ஷாட்.

என் நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் செட்: "ரொம்ப லேசு. காகிதம் மாதிரி ஆடுகிறது." இரண்டாவது: "முன்பாரம் அதிகம். மணிக்கட்டு இழுக்கிறது. தாங்காது." மூன்றாவது: "இரும்புக் கம்பி. முனை தானாக இறங்குகிறது." நாலாவது: "இதுதான். நிதானம். பாறை." இந்த 'பாறை'க்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். ஐந்தாவதைப் பற்றி ஏதோ கிறுக்கியிருக்கிறேன், எனக்கே படிக்க முடியவில்லை. ஆறாவது: "களைப்பு. கருத்து இல்லை."

நண்பன் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினான். இரண்டாவது செட்டும் நாலாவது செட்டும் ஒன்று. அதே இரண்டு வெயிட், அதே இடம். மூன்றாவதில் ஒன்றைக் கூட்டியிருந்தான், நாலாவதில் அதைக் கழற்றியிருந்தான், அவ்வளவுதான். 'தாங்காது' என்று எழுதிய அதே பிஸ்டலை இருபது நிமிடம் கழித்து 'பாறை' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். லேசானதிலிருந்து வந்தபோது கனமாக இருந்தது, கனத்திலிருந்து வந்தபோது நிதானமாகிவிட்டது. ஐந்தாவது செட்டில் அவன் எதையும் தொடவே இல்லை. ஆலன் கீயை மேஜையில் தட்டிச் சத்தம் மட்டும் எழுப்பியிருக்கிறான். அதற்கும் நான் நாலு வரி எழுதியிருக்கிறேன்.

ஸ்கோரைப் பார்த்து ஆறுதல் தேடினேன். காகிதம் என்று திட்டிய முதல் செட்டில் 95, பாறைக்கு 91. இதை வைத்து லேசுதான் நல்லது என்று நண்பன் துள்ளினான். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்து ஷாட்டில் என் ஸ்கோர் எந்தக் காரணமும் இல்லாமலேயே மூன்று புள்ளி ஏறும், மூன்று புள்ளி இறங்கும். முதல் செட்டில் கை புதிது, நாலாவதில் முப்பது ஷாட் பழையது. அந்த எண்கள் எதையும் நிரூபிக்கவில்லை. என்னை உட்காரவைத்தது எண்ணல்ல, அந்த இரண்டு கோடு. பிஸ்டலின் சமநிலையைப் பற்றி ஒரு வருஷமாக நான் பேசியது, எழுதியது, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அதற்கு முந்தைய நிமிடம் என் கையில் என்ன இருந்தது என்பதைப் பற்றிய செய்தி மட்டும்தானா?

கைரேகை

இதை எங்கள் கோச்சிடம் சொன்னேன். அதிகம் பேசாத மனிதர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "மறுபடி மூணு வெயிட்டையும் முன்னால மாட்டு தம்பி. நாற்பது ஷாட் சுடு. முடிச்சதும் கையைத் துடைக்காம எங்கிட்ட வா" என்றார். சுட்டுவிட்டுப் போனேன். "கையைக் காட்டு" என்றார். உள்ளங்கையை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஜோசியர் மாதிரி பார்த்தார்.

கிரிப்பின் மரத்தில் வழுக்காமல் இருக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கொத்தியிருப்பார்கள். நாற்பது ஷாட் பிடித்தால் அந்தப் புள்ளிகள் தோலில் அச்சாகிவிடும். என் கையில் நடுவிரல் பக்கம் அச்சு மங்கலாக இருந்தது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அடியில் மட்டும் சிவந்து, ஆழமாக, கொசு கடித்த வரிசை போல. "இந்த ரெண்டு விரலுக்கும் இங்க என்னப்பா வேலை?" என்றார். நான் யோசித்தேன். முனை கீழே இழுக்கிறது. அதைத் தூக்கிப்பிடிக்க மணிக்கட்டு களைக்கும்போது, எனக்கே தெரியாமல் கடைசி இரண்டு விரலும் உதவிக்கு வந்து கிரிப்பின் அடியை இறுக்கிக்கொண்டிருந்திருக்கின்றன. "அதேதான். இப்ப டிரிகரை இழு" என்றார். வெறும் கையில் செய்து பார்த்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம்: சுண்டு விரலையும் மோதிர விரலையும் இறுக்கி மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் மெதுவாக மடக்குங்கள். அது தனியாக வராது. மற்ற விரல்களும் கூடவே இன்னும் கொஞ்சம் இறுகும், மணிக்கட்டு ஒரு இழை வளையும். டிரிகர் விடுபடும் அதே நொடியில் அந்த இழை. அந்த இடத்தில் சைட்டைப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதற்குள் பெல்லட் போய்விடுகிறது.

ஆறு மணிச் சொட்டுக்கு அதுதான் காரணம். முனை கனத்தால் முனை விழவில்லை. கனத்தைத் தாங்க வந்த விரல்கள் டிரிகரின் வேலைக்குள் நுழைந்துவிட்டன. கை ஆடாமல் நின்றதும் உண்மை, குண்டு கீழே போனதும் உண்மை. இரண்டுக்கும் முரண்பாடே இல்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரே வேலை. வெயிட்டை மாற்றிவிட்டு எப்படி இருக்கிறது என்று என்னை நானே கேட்பதை நிறுத்தினேன். ஒரு அமைப்பை வைத்தால் ஒரு வாரம் தொடக் கூடாது. முதல் நாற்பது ஷாட்டின் ஸ்கோரைக் குறித்துக்கொள்ளவே மாட்டேன், கடைசி இருபது மட்டும். அதிலும் ஸ்கோரைவிட மேல்கீழ் எவ்வளவு பரவியிருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு என்பது. முன்னால் மூன்று வெயிட் இருந்த வாரம் பக்கவாட்டில் நல்ல குறுக்கம், மேல்கீழ் நீளம். வெறும் பிஸ்டல் வாரம் இரண்டு பக்கமும் ஓரளவு சமம், ஆனால் மொத்த வட்டமே பெரிது, ஒன்பதுகள் எங்கே வேண்டுமானாலும். மூன்றாவது வாரம் அதே 60 கிராமைப் பின்னால் நகர்த்தி டிரிகர் வளையத்தை ஒட்டி வைத்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், கீழே சொட்டுவது நின்றது. கிரிப்பில் உள்ளங்கை அடியில் இருக்கும் தாங்கு பலகையை ஒரு மில்லிமீட்டர் இறக்கவும் வேண்டியிருந்தது. இத்தனை மாதம் அந்த இரண்டு விரலுக்கு வசதியாக அதை நானே மேலே ஏற்றி வைத்திருந்திருக்கிறேன். ஒரு தப்புக்குத் தோதாக இன்னொன்றை மாற்றி, அதற்குத் தோதாக மூன்றாவதை மாற்றி, கடைசியில் பிஸ்டலே என் தப்பின் வடிவத்துக்கு வந்துவிட்டிருந்தது.

கடைகளில் புதுப் பிஸ்டலைக் கையில் கொடுத்து "பேலன்ஸ் எப்படி?" என்று கேட்கும்போது தலையாட்டுகிறோமே, அதைப் பற்றி இப்போதெல்லாம் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அந்த முதல் தூக்கலில் எல்லாப் பிஸ்டலும் பாறைதான். முதல் நாள் மாப்பிள்ளை மாதிரி. ஐம்பதாவது தூக்கலில் என்ன சொல்கிறது என்று கடைக்காரரால் காட்ட முடியாது, யாராவது நண்பர் இரவல் கொடுத்தால்தான் உண்டு.

நடுவில் ஒரு கிறுக்குத்தனம். வெயிட் பைத்தியம் முற்றியிருந்த நாட்களில், பெல்லட்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். என் சிலிண்டர் சுமார் 100 மில்லி கொள்ளும். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் ஏறக்குறைய 20 லிட்டர் காற்று அடைந்திருக்கிறது. ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம். ஆக முழுதாக நிரப்பினால் காற்று மட்டுமே 24 கிராம். அழுத்தம் 70 பாருக்கு இறங்கியதும் திரும்ப நிரப்புகிறேன், அதற்குள் 15 கிராம் போய்விடுகிறது. சிலிண்டர் இருப்பதோ முன்பக்கம். நான் பத்திரமாகத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு வெயிட்டின் முக்கால்வாசி கனத்தைப் பிஸ்டல் தானாகவே ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதை ஒருநாளும் என் கை கண்டுபிடித்ததில்லை. நண்பனிடம் சொன்னபோது அவனுக்குத் தாளவில்லை. "அப்ப நீ எழுதினதுல எந்த வரி காத்துக்கு, எந்த வரி வெயிட்டுக்கு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான்.

இப்போது என் பிஸ்டலில் இரண்டு வெயிட் இருக்கிறது. இரண்டும் டிரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால், தண்டில் பென்சிலால் கிழித்த கோட்டில். மூன்றாவது பெட்டியின் மூலையில் கிடக்கிறது. இதுதான் சரியான அமைப்பு என்று சொல்ல மாட்டேன். என் தோளுக்கு, என் 60 ஷாட்டுக்கு, இந்த வருஷத்துக்கு இது பரவாயில்லை. ரேஞ்சில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை போன வாரம் என்னிடம் வந்து, "அண்ணா, வெயிட் மாட்டினா ஆடாதுன்னு சொல்றாங்களே, எங்க மாட்டணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. முதலில் ஒன்றும் மாட்டாமல் அறுபது சுட்டுவிட்டு வா, கையைத் துடைக்காமல் வா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

நண்பன் மட்டும் திருந்தவில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது எப்போதாவது ஆலன் கீ மேஜையில் தட்டும் சத்தம் கேட்கும். லேனில் நின்று பிஸ்டலை எடுத்ததும் பின்னாலிருந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்பான். முன்பெல்லாம் இதற்கு நாலு வரி பதில் வைத்திருப்பேன். இப்போது பத்து ஷாட் சுட்டுவிட்டுப் பிஸ்டலைக் கீழே வைத்து, உள்ளங்கையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொள்கிறேன். சுண்டு விரலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கத்தான் செய்கிறது.